காலி மனை இல்லாத ஊர்

அவரிடம் ஒரு குடைக்கம்பி இருந்தது. துணி கிழிந்துபோன கறுப்புக் குடையிலிருந்து உருவி, முனையைத் தரையில் தேய்த்து மழுக்கி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் படியேறி வரும்போது அது மேசைமேல் கிடக்கும். அதைக் கொண்டுதான் அவருடைய ஊரைத் தொட வேண்டும். விரல் படக் கூடாது. ஊர் என்று நான் சொல்வது ஒரு வரைபடம். மேசை கொள்ளாத அளவுக்குப் பெரியது. அதன்மேல் கண்ணாடித் தகடு வைத்திருப்பார். கண்ணாடிமேலும் விரல் படக் கூடாது.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் சந்தோஷப்பட்டுவிடுவார். நாங்கள் அவரை மேயர் என்போம். கேலிக்காக வைத்த பெயர். அது காதில் விழுந்ததும் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் தலையை லேசாக ஆட்டி ஏற்றுக்கொண்டார். அப்போதே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும்.

டவுனில் ரத வீதியில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திவந்தார். முப்பது வயதிருக்கும். வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பியவர். செருப்பைப் படிக்கட்டிலேயே கழற்றிவிட்டு, கால் துடைத்து, கோயிலுக்குள் போவதுபோலத்தான் கம்ப்யூட்டர் அறைக்குள் போக வேண்டும். நான் கல்லூரியில் இரண்டாம் வருடம். கையில் கிடைத்ததையெல்லாம் தின்னும் ஆடு மாதிரி, எது புதிதாக வந்தாலும் அதில் போய் விழுவேன். கம்ப்யூட்டரில் விழுந்தேன். அது சலிப்பதற்குள் அவர் அந்தப் பெட்டியைத் திறந்தார்.

வெளிநாட்டிலிருந்து அவர் கொண்டுவந்த ஒரே உருப்படியான பொருள் அந்தப் பெட்டிதான். உள்ளே வரைபடங்கள், நான்கு புத்தகங்கள், பல முகம் கொண்ட பகடைகள். "தாயக்கட்டைக்கு அம்மை போட்ட மாதிரி இருக்குலே" என்றான் என் கூட்டாளி கிச்சா. ஆட்டம் இதுதான். இல்லாத ஊர் ஒன்று. மந்திரவாதிகள், கூலிக்குக் கத்தி எடுப்பவர்கள், திருடர்கள், படகுகள். நாங்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம். ஊரில் என்ன நடக்கிறது என்று மேயர் சொல்வார். நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். சந்தேகமானதைப் பகடை தீர்க்கும். அந்த ஊருக்கு வாயில் நுழையாத ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. பெட்டிக்குள் வந்த ஊர் என்பதால் நாங்கள் பெட்டியூர் என்றோம்.

ஊரை மேயர் உண்டாக்கவில்லை. யாரோ எங்கோ எழுதி அச்சடித்து விற்ற ஊர் அது. ஆனால் தானே கல் சுமந்து கட்டியவர்போலத்தான் நடந்துகொள்வார். நான்கு புத்தகங்களுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப்போலப் பழுப்பு அட்டை போட்டிருந்தார். ஒவ்வொரு தெருவுக்கும் பெயர், ஒவ்வொரு வீட்டுக்கும் எண், எண்ணுக்கு நேரே அந்த வீட்டில் யார் இருக்கிறார், என்ன தொழில், எதற்குப் பயப்படுவார், எல்லாம் அதில் உண்டு. நாங்கள் எதைக் கேட்டாலும் குனிந்து பக்கத்தைப் புரட்டுவார். உதட்டை நக்கிக்கொள்வார். நிமிர்ந்து சொல்வார்.

"புஸ்தகத்துல இல்ல."

அவ்வளவுதான். இல்லை என்றால் இல்லை. இந்தத் தெருவில் டீக்கடை உண்டா? புஸ்தகத்துல இல்ல. இந்தக் காவல்காரனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? புஸ்தகத்துல இல்ல. வகுப்பிலும் அப்படித்தான். பாடத்தில் இல்லாததை ஒரு மாணவர் கேட்டுவிட்டால் மேயர் பார்க்கும் பார்வை, ஏதோ அந்த மாணவர் தன் சட்டைப் பைக்குள் கைவிட்டதுபோல இருக்கும்.

ஒருமுறை அந்தப் புத்தகத்தை ஒரே ஒரு நாள் தாருங்கள் என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

"எதுக்குலே?"

"படிக்கத்தான் சார்."

"நீ படிச்சா ஊரு கெட்டுப்போயிரும்" என்றார். படித்தால் கெட்டுப்போகும் பொருள் ஒன்று உலகத்தில் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பிறகு ஏன் போனாய் என்று கேட்பீர்கள். அந்த ஆளுக்குக் குரல் இருந்தது. அதை மறைத்து எழுதினால் நான் பொய்யன். கம்பியை ஒரு சந்தின்மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, "இங்கன மீன் கூடைய எறக்குதாங்க, தரையெல்லாம் வழவழன்னு இருக்கு, தலைக்கு மேல வெளக்கு ஆடுது" என்று ஆரம்பித்தால், பாத்திரக் கடையின் தட்டுமுட்டுச் சத்தம் அடங்கிவிடும். எனக்கு மீன் வாடையே அடிக்கும். பிச்சைக்காரனாகப் பேசுவார், கிழவியாகப் பேசுவார். அவ்வளவு பெரிய ஊரை ஒரு மனிதன் நாக்கில் வைத்திருந்தான். அதில் எங்களுக்கு ஓர் இடம் கொடுக்க மட்டும் அவனுக்கு மனம் வரவில்லை. (மரியாதையை இங்கே விட்டுவிட்டேன். இருக்கட்டும்.)

முதலில் செத்தது கிச்சா.

அவன் கல்லிடைக்குறிச்சிக்காரன். காலையில் ஆற்றில் முங்காமல் காப்பிகூடக் குடிக்காத வீடு. தன் பாத்திரத்தை ஒரு வாரம் உட்கார்ந்து உருவாக்கியிருந்தான். கூலிக்குக் கத்தி எடுப்பவன், மீசை, இடது தோளில் தழும்பு, தழும்புக்கு ஒரு கதை. முதல் ஆட்டம். விடியற்காலை. பெட்டியூரின் வடக்கு வாசலில் வந்து நிற்கிறோம்.

"என்ன செய்யுதீக?" என்றார் மேயர்.

கிச்சா யோசிக்கவே இல்லை. "ஆத்துல போய் முங்கிட்டு வாரேன் சார். அப்புறம் மத்ததப் பாப்போம்."

மேயரின் கை பக்கத்தைத் தேடியது. "எங்கன முங்குத?"

"படித்துறையிலதான்."

"படித்துறை இல்ல."

"படித்துறை இல்லாம என்ன ஊரு? சரி, சும்மா எறங்கி முங்குதேன்."

மேயர் நிமிர்ந்தார். அந்தச் சிரிப்பை எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. தோல் பதனிடுகிறவர்களும் சாயக்காரர்களும் கசாப்புக்காரர்களும் எல்லாவற்றையும் அந்த ஆற்றில்தான் கொட்டுகிறார்களாம். அதில் இறங்குகிறவனுக்குக் காய்ச்சல் வருமா என்று பகடை உருட்ட வேண்டுமாம். கிச்சா உருட்டினான். வந்தது. காய்ச்சல் தலைக்கு ஏறுமா என்று மறுபடி உருட்டினான். ஏறியது. ஊருக்குள் கால் வைத்து ஒரு வாய் சோறு தின்பதற்கு முன்னால் கத்திக்காரன் கரையில் செத்துக் கிடந்தான். தழும்பின் கதையை யாரிடமும் சொல்லவில்லை.

"சார், தண்ணி நாறும்னு நீங்க முன்னாடியே சொல்லலியே."

"நீ கேக்கலியே."

எங்கள் பக்கத்தில் ஆற்றங்கரையில் பிறந்த எவனும் அதைத்தான் செய்திருப்பான். ஆறு என்றால் குளிப்பது. அதற்குமேல் அதில் யோசிக்க ஒன்றும் கிடையாது. மேயரும் இந்த ஊர்க்காரர்தான், குறுக்குத்துறைப் படித்துறையில் முங்கி வளர்ந்தவர்தான். அவருக்கு அது தெரியும். தெரிந்தே கம்பியை அசைக்காமல் காத்திருந்தார்.

கிச்சா இரண்டாவதாக ஒரு மந்திரவாதியை உருவாக்கிக்கொண்டான். அவனுக்குத் தழும்பும் இல்லை, கதையும் இல்லை. "இவன் குளிக்கமாட்டான் சார்" என்று மட்டும் சொன்னான்.

மூன்றாவது ஆள் செல்வி. மேயரிடம் கம்ப்யூட்டர் படிக்க வந்தவள். பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்தாள். வீடு மாஞ்சோலையில். அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்தில் வேலை. மலைப்பாதையில் பஸ் ஏறிப் போய் இறங்குவதற்குள் ஞாயிற்றுக்கிழமை தீர்ந்துவிடும் என்பதால் எங்களோடு இருந்தாள். பெட்டியூரில் அவள் திருடி. சுவரேறத் தெரிந்தவள். ஆனால் எதையும் திருடமாட்டாள்.

"இந்த வீட்டுக்குள்ள போறேன் சார்."

"என்னத்த எடுக்க?"

"எடுக்கதுக்கு இல்ல. உள்ள எப்படி இருக்குன்னு பாத்துட்டு வாரேன்."

வீடு வீடாக ஏறி இறங்கினாள். அடுப்பு எந்த மூலையில், ஜன்னல் எந்தப் பக்கம், மாடிக்குப் படி உண்டா என்று கேட்பாள். கிச்சா கொட்டாவி விடுவான். ஒருநாள் படிக்கட்டில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது (உள்ளே டீ கூடாது) அவனே கேட்டான். "ஏம்மா, நீ திருடியா, வீட்டுத் தரகரா?"

"எங்க லயன் வீட்டுல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் கேக்கணும்" என்றாள் செல்வி. "தோட்டத்து வீடுல்லா. வேலை இருக்குமட்டும் வீடு. எங்கப்பாவுக்கு வார வருசத்தோட வேலை முடியுது." டீயைக் குடித்து முடித்தாள். "இங்கனயாவது ஒண்ணு வாங்கிப் போடுவோமேன்னு பாக்கேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நாங்களும் சிரித்தோம். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் ஆட்டத்துக்கு வேறு நோக்கம் இல்லாமல் போய்விட்டது. புதையல், பூதம், இளவரசன் எல்லாம் அப்புறம். செல்விக்குப் பெட்டியூரில் ஒரு வீடு வேண்டும்.

மேயரிடம் சொன்னோம். உதட்டை நக்கிக்கொண்டார்.

"காலி வீடு புஸ்தகத்துல இல்ல."

"வாடகைக்கு?"

"எல்லா வீட்டுலயும் ஆள் இருக்கு."

"காலி மனை?"

"ஊருக்குள்ள காலி மனையே கெடையாது. நம்பர் வரிசையா போட்டிருக்கான், பாத்துக்கோ." பாத்துக்கோ என்றாரே தவிர புத்தகத்தை எங்கள் பக்கம் திருப்பவில்லை.

பல ஞாயிறுகள் போயின. மீன்காரச் சந்தில் ஒரு கிழவர், விளக்குச் செய்கிறவர். மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல் ஒன்று அவர் கடையை நொறுக்க வந்தபோது நாங்கள் மூவரும் குறுக்கே விழுந்து அடித்து விரட்டினோம். பெட்டியூரில் யார் நம்மிடம் எப்படி நடந்துகொள்வார் என்பதற்கும் பகடைதான். செல்வி உருட்டினாள். இருபது. அதற்குமேல் முகம் கிடையாது. அந்த எண் விழுந்தால் அந்த ஆள் உயிருள்ளவரை நமக்கு உறவு என்று புத்தகமே சொல்கிறது. கிழவருக்குப் பிள்ளை குட்டி இல்லை என்பதையும் அதே புத்தகம் சொன்னது.

"அண்ணாச்சி, எனக்கு இந்த ஊர்ல வீடு இல்ல" என்றாள் செல்வி, மேயரைப் பார்த்து.

மேயர் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். தப்பிக்க வழி இல்லை. கிழவரின் குரலை எடுத்துக்கொண்டு, வேண்டாவெறுப்பாகச் சொன்னார்: "எனக்குப் பொறவு இந்த வீடு ஒனக்குத்தான் தாயி."

கிச்சா மேசையைத் தட்டினான். கண்ணாடி அதிர்ந்தது. அன்றைக்கு மேயர் அவனைத் திட்டவில்லை. குடைக்கம்பியை எடுத்துத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். அது எனக்கு நல்லதாகப் படவில்லை.

அடுத்த ஞாயிறு நாங்கள் உட்காருவதற்கு முன்பே பகடையை உள்ளங்கைக்குள் மூடி உருட்டினார். எங்களுக்குக் காட்டாமல் எட்டிப் பார்த்து, புத்தகத்தில் அந்த எண்ணுக்கு நேரே இருந்ததை வாசித்தார்.

"மீன்காரச் சந்துல தீ."

கிழவர் தீயில் போய்விட்டார். வீடு முழுக்க எரிந்து இறங்கிவிட்டது. எங்கள் மூவரையும் சாம்பலின் விளிம்பில் நிற்கவைத்து, அந்தப் பாழாய்ப்போன குரலில் ஒவ்வொன்றாக வர்ணித்தார். வெடித்த விளக்குகள், உருகிய ஈயம், கரிந்த ஏணி. செல்வி முகத்தைத் திருப்பாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் முடித்த பிறகு கேட்டாள்.

"செவரு நிக்குதா சார்?"

"இல்ல."

"படி?"

"ஒண்ணும் இல்ல. எல்லாம் சாம்பல்."

"மனை இருக்கும்லா? மனை எரியாதுல்லா சார்?"

மேயர் குடைக்கம்பியைக் கீழே வைத்தார்.

"அவரு, எனக்குப் பொறவுன்னு சொன்னாரு. இப்ப அவருக்குப் பொறவுதான். நாலு மூலைக்கும் கம்பு ஊணுதேன்."

மேயர் குனிந்தார். நான்கு புத்தகங்களையும் எடுத்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கங்களைப் புரட்டும் சத்தம் நெடுநேரம் கேட்டது. வீடு எரிந்தபின் அந்த மண் யாருக்கு என்று அதை எழுதியவர்கள் நினைத்துப்பார்க்கவில்லை போல. தன் கையாலேயே அந்த ஊரில் ஒரே ஒரு காலி மனையை உண்டாக்கிவிட்டார் மேயர். அது அவருக்கு விளங்கியபோது காதுமடல் சிவந்தது. நான் அதை ரசித்தேன்.

"இன்னைக்குப் போதும்" என்று கண்ணாடியைத் தூக்கினார்.

அந்த வாரம் முழுக்கச் செல்வி வகுப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வீடு வரைந்தாள். ஓர் அறை, ஓர் அடுப்பு, தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல். மாடி வை என்றேன். "மொதல்ல கூரை நிக்கட்டும்" என்றாள்.

ஞாயிறு வந்தது. மேயர் முகம் கழுவி, திருநீறு பூசி, மிகவும் தெளிவாக இருந்தார்.

"போன வாரம் தப்பு நடந்துபோச்சு. நான் பக்கம் மாத்திப் பாத்துட்டேன். அது கோடைக்கு உள்ள தீ. பெட்டியூர்ல இப்போ மழைக்காலம். தீ பிடிக்கல."

"மழைக்காலமா?" என்றான் கிச்சா. "போன மாசம் புழுதியில இருமிக்கிட்டே நடந்தோமே சார்."

செல்வி முன்னால் சாய்ந்தாள். "அப்ப அண்ணாச்சி உசுரோட இருக்காரா சார்?"

"இருக்காரு."

"சரி. அதுவும் நல்லதுதான். சொன்ன சொல்லும் இருக்கும்லா?"

"அது எப்படி? எங்க இருந்து தப்போ அங்க இருந்துதான் சரிபண்ணணும். கணக்கெல்லாம் குழம்பிக்கிடக்கு. முதல்ல இருந்து ஆரம்பிக்கோம். அவருக்கு ஒன்னத் தெரியாது. நீங்க யாருன்னே ஊருக்குத் தெரியாது."

ஒரு மனையைத் திரும்ப வாங்கிக்கொள்வதற்காக எங்கள் இத்தனை மாத வாழ்க்கையையும் சுருட்டிக் குப்பையில் போட்டார்.

கிச்சா கையைத் தூக்கினான். "முதல்ல இருந்துன்னா, செத்துப்போன என் கத்திக்காரன் திரும்பி வருவானா?"

"அது சரியா நடந்தது. அது அப்படியேதான்."

மேயர் குடைக்கம்பியை எடுத்து வடக்கு வாசலில் வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "விடியக்காலம். வாசல் தெறக்குது. ஈரக் காத்து. என்ன செய்யுதீக?"

செல்வி சொன்னாள், "ஆத்துக்குப் போறேன் சார்."

"எதுக்கு?"

"குளிக்க."

மேயர் அவளைப் பார்த்தார். "என்ன ஆகும்னு தெரியும்லா?"

"தெரியும். தாயக்கட்டையக் குடுங்க."

உருட்டினாள். நல்ல எண். காய்ச்சல் இல்லை. மேயர் மூச்சு விட்டார். "தப்பிச்சாச்சு. சரி, வாசலுக்கு வா."

"இன்னொரு முங்கு முங்குதேன்."

"மூணு முங்கணும்" என்றான் கிச்சா. "மூக்கப் பிடிச்சுக்கோ."

"இங்க பாரு, இப்படியெல்லாம் யாரும் செய்யமாட்டாங்க. இது ஆட்டத்துக்கே விரோதம்."

செல்வி பகடையைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள். குரலில் கோபம் இல்லை. வீட்டுக்குள் அடுப்பு எந்த மூலையில் என்று கேட்கும் அதே குரல்.

"முங்கக் கூடாதுன்னு புஸ்தகத்துல போட்டிருக்கா சார்?"

மேயர் குனிந்தார். உண்மையிலேயே தேடினார். அதுதான் அந்த ஆள். அந்த நேரத்திலும் புத்தகத்தில் இல்லாததை இருக்கிறது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பக்கத்தைப் புரட்டினார், உதட்டை நக்கிக்கொண்டார்.

"இல்ல" என்றார்.

மூன்றாவது முங்கில் செல்விக்குக் காய்ச்சல் வந்தது. தலைக்கு ஏறியது. புத்தகத்தில் அதற்கென்று இருந்த பத்தியை மேயர் வாசித்தார். வாசிக்க வேண்டும் என்பது அவருடைய முறை. பிறகு கிச்சாவின் மந்திரவாதி, குளிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தவன், அங்கியைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு இறங்கினான். பகடை அவனைச் சட்டென்று முடித்தது. மறுபடியும் அதே பத்தி. கடைசியாக நான். என் பாத்திரத்துக்கு உடம்பு கெட்டி. எத்தனை முங்கு என்று எண்ணவில்லை. ஒவ்வொரு முறையும் கம்பி ஆற்றோரம் போய் நின்றது. பாதியில் நிறுத்திவிட்டுப் புத்தகத்தை மூடியிருக்கலாம் அவர். மூடவில்லை. நான் செத்ததும் எனக்கும் அதே பத்தியை, ஒரு சொல் விடாமல், வாசித்து முடித்தார். இப்போது குரலில் மீனும் இல்லை, விளக்கும் இல்லை. வெறும் இங்கிலீஷ் பாடம்.

மேசைமேல் பெட்டியூர் கிடந்தது. எல்லா வீட்டிலும் ஆள் இருந்தது.

நாங்கள் எழுந்தோம். "அடுத்த ஞாயிறு மூணு மணிக்கு" என்றார். நாற்காலிகளை உள்ளே தள்ளினோம். "புது ஆள் பண்ணிக்கிடலாம்லே. பண்ணிட்டு வாங்க." கிச்சா கண்ணாடியின் நடுவில், மீன்காரச் சந்துக்கு நேராக, ஐந்து விரலும் பதிய உள்ளங்கையை ஊன்றி எடுத்தான். அப்பளக்காரர்கள் தெருவில் வளர்ந்தவன். கையில் எண்ணெய்க்குக் குறைவில்லை.

படிக்கட்டில் உட்கார்ந்து செருப்பை மாட்டினோம்.

"இனி ஞாயித்துக்கெழமை என்ன செய்யப்போற?" என்று செல்வியைக் கேட்டேன்.

"வீடு பாக்கணும். அம்பாசமுத்திரம் பக்கம் எங்கயாவது. அப்பா கீழ எறங்கணும்லா."

மேலே கண்ணாடியில் பகடை உருளும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி உருண்டது.

கிச்சா அண்ணாந்து பார்த்தான். "நாமதான் செத்தாச்சே. யாருக்குலே உருட்டுதாரு?"

செல்வி செருப்பு வாரை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அங்கன குடியிருக்கவங்களுக்கா இருக்கும்" என்றாள்.